சாக்கெட்டைக் கவனிப்பது கால்பேக்கின் வேலை

கால்பேக் ஒழிய வேண்டும் என்பது நிரலர்களிடையே இன்று கேள்விக்கே உள்ளாகாத முடிவாகிவிட்டது. நேர்காணலில் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், பயிற்சி வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், கோட் ரிவ்யூவில் ஒற்றை வரியில் தீர்ப்பு எழுதுகிறார்கள்: ‘கால்பேக்கா? அவெயிட்டுக்கு மாற்றுங்கள்.’ நெட்வொர்க் சாக்கெட்டைக் கண்காணிக்கும் கோடுக்கும் இதே தீர்ப்புதான். அது தவறான தீர்ப்பு. சாக்கெட்டைக் கண்காணிக்கும் இடத்தில் கால்பேக்தான் பொருத்தமான கருவி. அதை மூடி மறைப்பதால் பிழை குறைவதில்லை. பிழை எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியாமல் போகிறது.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் அதன் முழு வலுவோடு வைக்கிறேன். 2009-இல் ரயன் டால் நோட் ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்திய பிறகு, கால்பேக் பாணி லட்சக்கணக்கான நிரலர்களின் அன்றாடமானது. அதன் தொல்லைகளும் அன்றாடமாயின. ஒரு கால்பேக்குக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று கோடு வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு அடுக்கிலும் பிழையைத் தனியாகக் கையாள வேண்டும். ஓரிடத்தில் மறந்தால் அந்தப் பிழை யாருக்கும் தெரியாமல் விழுங்கப்படும். கோளாறு வந்து ஸ்டாக் ட்ரேஸைப் பார்த்தால் ஈவென்ட் லூப் மட்டும்தான் தெரியும், இந்த வேலையைத் தொடங்கி வைத்தது யார் என்பது தெரியாது. ஒரு ஃபங்ஷனின் லோக்கல் வேரியபிளில் இருந்திருக்க வேண்டிய நிலை, நான்கு ஃபங்ஷன்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஸ்ட்ரக்சருக்குள் சிதறிக் கிடக்கும். அதனால்தான் சி ஷார்ப் 2012-இலும், பைத்தான் 2015-இலும், ஜாவாஸ்கிரிப்ட் 2017-இலும், ரஸ்ட் 2019-இலும் அவெயிட்டைக் கொண்டுவந்தன. இத்தனை மொழிகள் ஒரே திசையில் நகர்ந்தது காரணமில்லாமல் அல்ல. மேலே உள்ள குற்றச்சாட்டுகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. படிப்படியாகச் செய்யும் வேலையும் கண்காணிப்பும் ஒன்றல்ல. எதிர்த்தரப்பு தன் வாதத்துக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். கோப்பைத் திற, படி, தரவுத்தளத்துக்கு அனுப்பு, பதிலை எழுது. எல்லாமே ஒன்றன்பின் ஒன்றாக நடப்பவை. இதைக் கால்பேக்கில் எழுதினால் அலங்கோலமாகும் என்பது உண்மை. வரிசை இருக்கும் வேலைக்கு வரிசையாக எழுதும் வடிவம் வேண்டும். ஆனால் பத்தாயிரம் சாக்கெட்டுகளைத் திறந்து வைத்திருக்கும் ஒரு அரட்டை சர்வருக்கு என்ன வரிசை இருக்கிறது? எந்தச் சாக்கெட்டில் எப்போது தரவு வரும், எது எப்போது அறுபடும், எது எழுத இடம் கொடுக்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே சாக்கெட்டிலேயே படிக்கலாம், எழுதலாம், எதிர்முனை மூடிவிட்டது, பிழை, காலக்கெடு முடிந்தது என்று ஐந்து விஷயங்கள் எந்த நேரத்திலும் நடக்கலாம். அவெயிட் ஒரு நேரத்தில் ஒன்றுக்குக் காத்திருக்கச் சொல்கிறது. ஐந்தையும் சேர்த்துக் காத்திருக்க வேண்டுமென்றால் எது முதலில் முடிகிறதோ அதை எடு என்ற கட்டமைப்பு வேண்டும். அதற்குள் ஐந்து கிளைகளை எழுத வேண்டும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு கிளை என்பதுதானே கால்பேக் அட்டவணை?

எதற்குக் காத்திருக்கிறோமோ அது மட்டுமே கண்ணில் படும் என்பதன் விளைவு சிறியதல்ல. ஒரு வாடிக்கையாளரின் கோரிக்கைக்காக சர்வர் தரவுத்தளத்தின் பதிலை அவெயிட் செய்துகொண்டிருக்கிறது. அந்த வாடிக்கையாளர் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறார். அந்த சாக்கெட்டைப் பார்க்க யாருமில்லை, எனவே வினவல் கடைசிவரை ஓடி, யாருக்கும் போகாத பதிலைத் தயாரிக்கிறது. இது அவெயிட்டோடு பிறந்த கோளாறல்ல. வேலையை வரிசையாக எழுதும் எல்லா நிரல்களுக்கும் உரியது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளமே வினவலை ஓட்டும்போது எதிர்முனை இருக்கிறதா என்று பார்க்காமல்தான் இருந்தது. 2021-இல் வெளிவந்த 14-ஆம் பதிப்பில்தான், வினவல் ஓடும்போது இடையிடையே இணைப்பைச் சோதிக்கும் ஒரு அமைப்பைச் சேர்த்தார்கள். அதையும் நாம் போய் இயக்கினால்தான் இயங்கும். மூடல் நிகழ்வுக்கென்று ஒரு கால்பேக்கைப் பதிந்து வைத்த நிரலில் இந்தச் சோதனைக்கே தேவையில்லை. வேறெந்த வேலை பாதியில் நின்றாலும், எதிர்முனை மூடியதும் அந்த கால்பேக் கூப்பிடப்படும்.

இந்த வேறுபாட்டைப் பழைய ஆய்வாளர்கள் தெளிவாகவே பார்த்தார்கள். டிசிஎல் மொழியை உருவாக்கிய ஜான் அவுஸ்டர்ஹவுட், பெரும்பாலான பயன்பாடுகளுக்கு த்ரெட் தவறான தேர்வு, ஈவென்டே மேல் என்று 1996-இல் யூஸ்னிக்ஸ் மாநாட்டில் வாதிட்டார். 2003-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் ஈவென்ட்தான் தவறான தேர்வு என்று நேரெதிராக எழுதினார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில், 2002-இல், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த அத்யாவும் உடன் பணியாற்றியோரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலைகளை எப்படி மாற்றி மாற்றி ஓட்டுவது என்பது ஒரு கேள்வி, ஒரு வேலையின் நிலையை ஸ்டாக்கில் வைப்பதா கையால் சேமிப்பதா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் சண்டை போடுகிறோம் என்று காட்டினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே குழப்பத்தை வைத்துக்கொண்டு கால்பேக்குக்குத் தண்டனை கொடுக்கிறோம்.

2. அவெயிட்டுக்கு அடியில் கால்பேக்தான் இருக்கிறது. பைத்தானின் அசிங்க்ஐஓவில் ஒரு சாக்கெட்டிலிருந்து பெறுவதற்கு அவெயிட் செய்தால் என்ன நடக்கிறது? முதலில் உடனே படிக்க முயல்கிறது. தரவு இல்லையென்றால் அந்த சாக்கெட்டைப் படிக்கத்தகு நிலைக்காகக் கண்காணிக்கும்படி லூப்பில் ஒரு கால்பேக்கைப் பதிகிறது. தரவு வந்ததும் அந்த கால்பேக் படித்து, ஒரு ஃபியூச்சரை நிறைவு செய்கிறது. அந்த ஃபியூச்சரில் பதிந்திருக்கும் இன்னொரு கால்பேக், தூங்கிக்கொண்டிருந்த கோரூட்டீனை எழுப்புகிறது. ஸ்ட்ரீம் என்று அழகாக நீட்டப்படும் வகுப்புகளும், தரவு வந்தது, இணைப்பு அறுந்தது, எழுதுவதை நிறுத்து என்ற கால்பேக்குகளைக் கொண்ட புரோட்டோகால் வகுப்பின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கீழே இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே வேலை செய்யலாம் என்பார்கள். எல்லாம் சரியாக ஓடும்வரை செய்யலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு சர்வர் 100 சதவீத சிபியூவைத் தின்றுகொண்டு எந்தக் கோரிக்கைக்கும் பதில் தராமல் நிற்கும்போது, தேட வேண்டிய இடம் அந்தக் கீழ்த்தளம்தான். கெர்னல் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸை ஓட்டினால் அதில் வருவது, சாக்கெட் நிகழ்வுகளுக்காகக் காத்திருக்கும் ஈபோல் வெயிட்; உங்கள் அவெயிட் அதில் வராது.

3. கால்பேக்கின் தலையில் கட்டப்படும் பிழைகளில் பாதி டிசிபியுடையவை. ‘கால்பேக் ஒருமுறை வந்தது, ஆனால் செய்தி பாதிதான் வந்தது’ என்று புகார் சொல்கிறார்கள். டிசிபிக்குச் செய்தி என்று ஒன்று கிடையாது, பைட்டுகளின் ஓட்டம் மட்டுமே உண்டு. அனுப்பியவர் இரண்டு முறை எழுதியது ஒரே படிப்பில் வரலாம், ஒருமுறை எழுதியது ஐந்து துண்டுகளாக வரலாம். 1,024 பைட் வரை படி என்று அவெயிட் செய்தாலும் இதே பாதிச் செய்திதான் வரும். வேறுபாடு ஒன்றுதான். கால்பேக்கில் எழுதுபவர், வந்ததை ஒரு பஃபரில் சேர்த்து எல்லையைத் தேட வேண்டும் என்பதை முதல் நாளிலேயே கற்றுக்கொள்கிறார். அவெயிட்டில் எழுதுபவருக்கு அது தன் மடிக்கணினியில் எளிதில் தெரிவதில்லை; உள்ளூர் இணைப்பில் சிறு செய்திகள் பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடுகின்றன. மோசமான மொபைல் நெட்வொர்க்கிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வரும்போதுதான் தெரிகிறது.

‘படிக்கலாம்’ என்று கெர்னல் சொல்வதும் வாக்குறுதி அல்ல, குறிப்பு மட்டுமே. லினக்ஸின் செலக்ட் கையேடு இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: படிக்கலாம் என்று அறிவித்த பிறகும் படிக்கப் போனால் தடைபட்டு நிற்க நேரலாம், உதாரணமாக வந்த பாக்கெட்டின் செக்சம் தவறாக இருந்து அது தூக்கியெறியப்பட்டால். அதனால்தான் கண்காணிக்கப்படும் எந்தச் சாக்கெட்டும் தடைபடா நிலையில் இருக்க வேண்டும். ‘இப்போது இல்லை, பிறகு வா’ என்ற விடையைப் பிழையாகக் கருதாமல் வழக்கமான விடையாகக் கருத வேண்டும். இணைக்கும்போதும் அப்படித்தான். எழுதலாம் என்ற நிகழ்வு வந்துவிட்டால் இணைப்பு வெற்றி என்று பொருளல்ல. சாக்கெட்டிடம் பிழை இருக்கிறதா என்று தனியாகக் கேட்டால்தான் தெரியும். டிஎல்எஸ் சேர்ந்தால் இன்னும் நுட்பம் கூடும். ஓப்பன்எஸ்எஸ்எல் படிக்கப் போகும்போது ‘நான் எழுத வேண்டியிருக்கிறது’ என்று சொல்லலாம். சில நேரம் தரவை ஏற்கெனவே தன் பஃபருக்குள் இழுத்து வைத்திருக்கும், சாக்கெட்டோ காலியாக இருக்கும். கெர்னலின் அறிவிப்புக்குக் காத்திருப்பவர் வராத அறிவிப்புக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்.

மௌனம் இன்னொரு பொறி. எதிர்முனைக் கணினியின் மின்சாரம் போய்விட்டால் எந்த நிகழ்வும் வராது. டிசிபி கீப்அலைவை இயக்கியிருந்தாலும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் முதல் சோதனைப் பாக்கெட் போவதற்கே 7,200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே ஒவ்வொரு சாக்கெட் கண்காணிப்போடும் ஒரு டைமர் இருந்தே ஆக வேண்டும். லூப்பில் சாக்கெட்டுக்கு ஒரு கால்பேக், டைமருக்கு ஒரு கால்பேக் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது, இரண்டாவது விடுபட்டிருந்தால் பார்த்தவுடன் தெரிகிறது. அவெயிட் வரியில் காலக்கெடு இல்லாததை யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அந்த வரி படிக்கும்போது நிறைவாகவே தெரிகிறது.

4. எழுதுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாய்க்கால் நிரம்பிவிட்டால் மடையை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரப்பு உடையும். மெதுவாகப் படிக்கும் வாடிக்கையாளருக்கு வேகமாக எழுதும் சர்வரில் அதுவேதான் நடக்கிறது. கெர்னலின் பஃபர் நிரம்பியதும் மீதி நிரலின் மெமரியில் குவிகிறது. கால்பேக் பாணியில் இதற்கு நேரடியான வழி இருக்கிறது. எழுத மீதி இருந்தால் மட்டும் ‘எழுதலாம்’ கண்காணிப்பை இயக்கு. மீதி தீர்ந்ததும் அணைத்துவிடு. குவியல் ஒரு அளவைத் தாண்டினால், எந்தச் சாக்கெட்டிலிருந்து தரவு வருகிறதோ அதன் படிப்புக் கண்காணிப்பை நிறுத்து. அணைக்க மறந்தால் உடனடித் தண்டனை உண்டு: சும்மா இருக்கும் சாக்கெட் எப்போதும் எழுதத் தயாராகவே இருக்கும், கால்பேக் ஓயாமல் கூப்பிடப்பட்டு சிபியூ 100 சதவீதத்தைத் தொடும். இந்தத் தண்டனையைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் அதைக் கால்பேக்கின் நற்குணமாகவே பார்க்கிறேன். தவறு முதல் ஓட்டத்திலேயே கத்துகிறது.

அசிங்க்ஐஓவில் எழுதும் ஃபங்ஷன் அவெயிட் செய்யத்தக்கதே அல்ல. அது கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு உடனே திரும்பிவிடும். வடியும்வரை காத்திருக்க அதற்கடுத்து இன்னொன்றை அவெயிட் செய்ய வேண்டும். அதை எழுத மறந்தாலும் நிரல் ஓடும், எல்லாச் சோதனைகளிலும் தேறும். இயல்பாக 64 கிலோபைட் என்று ஒரு எல்லை இருந்தாலும், அந்த எல்லையைத் தாண்டியதை நின்று கேட்பவர்களுக்கு மட்டுமே அது எல்லை. ஒரே ஒரு வாடிக்கையாளர் படிக்காமல் நின்றாலும் சர்வரின் மெமரி மெல்ல மெல்ல ஏறி, கெர்னல் அந்தப் பிராசஸைக் கொல்லும் நாளில்தான் தவறு வெளிவருகிறது.

5. கால்பேக்கின் உண்மையான ஆபத்து கோடு உள்தள்ளிப் போவதல்ல, ஆயுள். அதைப் பற்றி எதிர்த்தரப்பு அநேகமாகப் பேசுவதே இல்லை என்பது எனக்கு வியப்பு. ஈபோல் ஒரே அழைப்பில் பல நிகழ்வுகளைத் தரும். அதில் முதல் நிகழ்வின் கால்பேக் வேறொரு இணைப்பை மூடி, அதன் நினைவகத்தையும் விடுவித்துவிட்டால், அதே கட்டில் பின்னால் இருக்கும் நிகழ்வு செத்துப்போன பொருளைச் சுட்டும். மூடிய டிஸ்கிரிப்டரின் எண், அடுத்து வரும் புதிய இணைப்புக்கே கொடுக்கப்படலாம்; காலியாக இருப்பதில் மிகச் சிறிய எண்ணைத் தர வேண்டும் என்பது போசிக்ஸ் விதி. ஆக, பழைய இணைப்பின் நிகழ்வு புதிய இணைப்பின் கணக்கில் போய்ச் சேரலாம். ஒருவரின் தரவு இன்னொருவருக்குப் போகும் பிழை இப்படித்தான் பிறக்கிறது. ஈவென்ட் லூப் லைப்ரரியான லிப்யூவி இதற்குத் தீர்வாக, மூடுவதையே ஒரு கால்பேக் கொண்ட செயலாக வைத்திருக்கிறது. மூடியாயிற்று என்ற கால்பேக் வரும்வரை அந்த நினைவகத்தைத் தொடக் கூடாது.

அவெயிட் இதிலிருந்து காப்பாற்றுகிறதா? ஆயுள் பிரச்சினை அங்கே ரத்துப் பிரச்சினையாக வேடம் மாறுகிறது. ரஸ்டில் அவெயிட்டை ஓட்டும் ரன்டைமான டோக்கியோவின் ஆவணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குறித்த அளவு முழுவதும் வரும்வரை படிக்கும் ஃபங்ஷனை, பல கிளைகளில் எது முந்துகிறதோ அதை எடுக்கும் கட்டமைப்புக்குள் பயன்படுத்தினால், வேறொரு கிளை முந்தும்போது அதுவரை படித்த பைட்டுகளை இழக்க நேரலாம் என்று அது எச்சரிக்கிறது. நினைவகப் பாதுகாப்புக்காகவே பெயர்பெற்ற மொழியில் இது நடக்கிறது. பாதி படித்த நிலை, காத்திருக்கும் வேலையின் உள்ளே ஒளிந்திருக்கிறது. வேலையைக் கைவிட்டால் அதுவும் போய்விடுகிறது. கால்பேக்கில் அந்த நிலை இணைப்பின் ஸ்ட்ரக்சரில் கண்ணெதிரே இருக்கிறது. நிலை சிதறிக் கிடக்கிறது என்று முதலில் குற்றம் சாட்டினார்களே, அந்தச் சிதறல்தான் இங்கே தரவைக் காப்பாற்றுகிறது.

6. லைப்ரரிகளின் எல்லையில் வேறு வழியே இல்லை. நெட்வொர்க் பரிமாற்ற லைப்ரரியான லிப்கர்லைப் பாருங்கள். அது எந்த நிரலுக்குள் ஓடப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. கியூடியின் லூப்பா, ஜிலிப்பின் லூப்பா, லிப்ஈவென்டா, லிப்யூவியா, யாரோ கையால் எழுதிய ஈபோலா? அது தனக்கென ஒரு லூப்பை வைத்துக்கொண்டால் நிரலின் லூப்போடு மோதும். எனவே பல இணைப்புகளைக் கையாளும் அதன் இடைமுகத்தில் இரண்டு கால்பேக்குகளைக் கேட்கிறது. ஒன்றின் வழியாக, ‘இந்த சாக்கெட்டைப் படிக்கக் கண்காணி, இதை எழுதக் கண்காணி, இதை விட்டுவிடு’ என்று நிரலுக்குச் சொல்கிறது. இன்னொன்றின் வழியாக, ‘இத்தனை மில்லிவிநாடி கழித்து என்னை எழுப்பு’ என்கிறது. நிகழ்வு வந்ததும் நிரல் ஒரே ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டு, எந்த சாக்கெட், என்ன நிகழ்வு என்று திருப்பிச் சொல்கிறது. கண்காணிப்பது நிரல், என்ன கண்காணிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது லைப்ரரி. எச்டிடிபி, டிஎல்எஸ், பிராக்ஸி என்று அத்தனை சிக்கலும் இந்த மெல்லிய இடைமுகத்துக்குப் பின்னால் அடங்கிவிடுகின்றன.

இது லிப்கர்லின் தனிப்பட்ட விருப்பம் அல்ல. பெயர்த் தீர்வுக்கான சி-ஏரிஸ், சாக்கெட்டின் நிலை மாறும்போது கூப்பிட ஒரு கால்பேக் கேட்கிறது. டி-பஸ் செய்திப் பரிமாற்றத்துக்கான லிப்டிபஸ், கண்காணிப்பைச் சேர், நீக்கு, மாற்று என்று மூன்று கேட்கிறது. ரெடிஸுக்கான ஹைரெடிஸ், படிப்பைச் சேர், படிப்பை நீக்கு, எழுத்தைச் சேர், எழுத்தை நீக்கு என்று சின்னஞ்சிறு ஃபங்ஷன்களை மட்டும் கேட்பதால்தான் லிப்ஈவென்ட், லிப்யூவி, ஜிலிப் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்கிறது. வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு தேவைக்கு எழுதியவை, ஒரே வடிவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதே வேலையை அவெயிட்டைக் கொண்டு எழுதினால் ஏதாவது ஒரு ரன்டைமைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். டோக்கியோவுக்காக எழுதிய நெட்வொர்க் லைப்ரரியை அதன் ரன்டைமுக்கு வெளியே கூப்பிட்டால், ரன்டைம் ஓடவில்லை என்று பேனிக் ஆகி நிற்கும். ஒரு மொழிக்குள்ளேயே இப்படியென்றால், மொழிகளுக்கு இடையில் பயன்பட வேண்டிய லைப்ரரிக்கு அவெயிட் என்ன வழி காட்டும்?

7. ‘கோ மொழி இருக்கிறதே’ என்பது கடைசிப் புகலிடம். இணைப்புக்கு ஒரு கோரூட்டீன் (கோவின் இலகுவான த்ரெட்), கால்பேக்கும் வேண்டாம் அவெயிட்டும் வேண்டாம் என்பார்கள். ஆயிரம் இணைப்புகளுக்கு அது அருமையான விடை. எளிமையும் உண்டு, படிக்கவும் நன்றாக இருக்கும். பத்து லட்சம் இணைப்புகள், பெரும்பாலும் சும்மா கிடப்பவை என்றால் கணக்கைப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் படிக்கக் காத்திருக்கும் கோரூட்டீனுக்குக் குறைந்தது 2 கிலோபைட் ஸ்டாக், வழக்கமான படிப்பு பஃபர் 4 கிலோபைட். எதுவுமே நடக்காமல் காத்திருப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 6 ஜிபி. ரஷ்யாவின் மெயில்.ரு நிறுவனத்தில் சுமார் 30 லட்சம் வெப்சாக்கெட் இணைப்புகளைக் கையாண்ட பொறியாளர்கள் 2017-இல் எழுதியது இதே வகைக் கணக்கைத்தான். அவர்கள் கண்ட தீர்வு, கோவுக்குள்ளேயே ஈபோலைக் கொண்டுவந்து, சாக்கெட்டுக்கு ஒரு கால்பேக்கைப் பதிந்து, தரவு வந்தால் மட்டும் ஒரு கோரூட்டீனிடம் வேலையைக் கொடுப்பது.

அவெயிட்டை ஒழிக்கச் சொல்லவில்லை. உள்நுழைவு, பிறகு வினவல், பிறகு விடை என்று படிகள் உள்ள நெறிமுறைக்கு அதுவே தகும்; கண்காணிப்புத் தளத்தின் மேல் அதைக் கட்டுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. எதிர்ப்பெல்லாம், கீழ்த்தளத்தை அறியாத ஒரு தலைமுறையை உருவாக்கிவிட்டு அதை முன்னேற்றம் என்று சொல்வதற்குத்தான். நெட்வொர்க் நிரல் கற்பிப்பவர்கள் அவெயிட் என்ற சொல்லை எழுத விடும் முன், மாணவரை வெறும் ஈபோலும் கால்பேக்கும் கொண்டு ஒரு எக்கோ சர்வர் எழுதச் சொல்லட்டும். எதிர்முனை படிக்காமல் நின்றால் அதன் மெமரி ஏறக் கூடாது. எதிர்முனையின் மின்சாரம் போனால் அது ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்கிரிப்டர்கள் தீர்ந்துபோன நிலையில் புதிய இணைப்பு வந்து காத்திருக்கும்போது சிபியூவைத் தின்னக் கூடாது. ஒரே கட்டில் வந்த இரண்டு நிகழ்வுகளில் முதலாவது மற்ற இணைப்பை மூடினாலும் விழக் கூடாது. இந்த நான்கிலும் தேறியவர் எழுதும் அவெயிட் கோடை நான் கேள்வியே கேட்காமல் ரிவ்யூவில் ஒப்புக்கொள்வேன்.